நல்ல பாக்டீரியா கூடிருச்சுனு ரிப்போர்ட் வந்தா அந்த கிணத்து தண்ணிய குடிக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. திருமங்கலம் பக்கம் உங்க ஊர்ல ரோட்டோரமா ஒரு பழைய பெட்ரோல் பங்க், அதோட தரைக்கடி டேங்க் லீக் ஆகி உங்க வீட்டு கிணத்துலயும் பக்கத்து ரெண்டு வீட்டு போர்லயும் பெட்ரோல் வாடை வந்திருக்கு, அதுக்கப்புறம் ஒரு கம்பெனிக்காரங்க வந்து பாக்டீரியா விட்டு சுத்தம் பண்றோம்னு கேன் கேனா ஒரு கலவைய கிணத்துக்குள்ள ஊத்திட்டு போயிருக்காங்க. இப்ப ஆறு மாசம் கழிச்சு டிஎன்ஏ டெஸ்ட் ரிப்போர்ட்னு ஒன்ன நீட்டி, சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா 4 சதவீதத்துல இருந்து 35 சதவீதம் ஆயிருச்சு, அதனால வேலை முடிஞ்சதுன்றாங்க. வாடையும் முன்ன மாதிரி இல்ல, அம்மா வேற இனி எடுத்துக்கலாமானு கேக்குறாங்க. நீங்க எழுதுனது "இந்த டிஎன்ஏ டெஸ்ட் எல்லாம் உண்மையா, இல்ல ஏமாத்தா"னு. ஆனா நீங்க நெசமா கேக்குறது அம்மா அந்த தண்ணிய குடிக்கலாமாங்கறத. ரெண்டும் வேற வேற கேள்வி. முதல் கேள்விக்கு பதில், டெஸ்ட் உண்மையான டெஸ்டுதான், உலகம் பூராம் இருபது வருஷத்துக்கு மேல பயன்படுத்துறாங்க. ரெண்டாவது கேள்விக்கு அந்த ரிப்போர்ட்டால பதில் சொல்லவே முடியாது, அதனால குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் எழுதப்போறது நீளமா இருக்கும், பாதியில விட்டுட்டு போனாலும் இது மட்டும் உங்க கையில இருக்கணும்.

நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல மைக்ரோபயாலஜி படிச்சுட்டு அதுக்கப்புறம் பெரும்பாலும் கெட்டுப்போன நிலத்தடி தண்ணியோடயே காலம் ஓட்டுனவன், சாம்பிள் எடுக்குறதுல இருந்து லேப்ல பிசிஆர்ங்கற டிஎன்ஏ டெஸ்ட் ஓட்டுற வரைக்கும் கையால செஞ்சிருக்கேன். உங்க கிணத்த நான் பாக்கல, அந்த ரிப்போர்ட்டும் நீங்க எழுதுன அளவுக்குத்தான் தெரியும், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

பெட்ரோல பாக்டீரியா திங்குமானு ஒரு சந்தேகம் உங்க மெசேஜ்ல தெரியுது. திங்கும், இதுல சந்தேகமே வேண்டாம். நம்ம நாட்டுல பொறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி எண்ணெய் திங்குற மாதிரி ஒரு சூடோமோனாஸ உருவாக்கி, அதுக்கு பேட்டண்ட் கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 1980ல ஜெயிச்சாரு, உயிருள்ள ஒன்னுக்கு பேட்டண்ட் குடுக்கலாம்ங்கற தீர்ப்பு அதுலதான் வந்துச்சு. ஆனா ஒன்னு கவனிங்க, பெட்ரோல் கசிஞ்ச இடத்துக்கு வெளிய இருந்து பாக்டீரியா கொண்டு வந்து ஊத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது, மண்ணுலயே அது இருக்கு, சாப்பாடு வந்ததும் தானா பெருகும். அங்க குறையிறது பாக்டீரியா இல்ல, ஆக்சிஜன். கணக்கு போட்டு பாருங்க, பெட்ரோல்ல இருக்குற பென்சீன்ங்கற கெமிக்கல்ல 1 கிராம முழுசா எரிக்க சுமார் 3 கிராம் ஆக்சிஜன் வேணும், நம்ம ஊர் சூட்டுல தண்ணி 1 லிட்டர்ல அதிகபட்சம் கரையிறது 8 மில்லிகிராம் சொச்சம்தான். லிட்டருக்கு ரெண்டரை மில்லிகிராம் பென்சீனுக்கே அது தீந்து போயிரும், பெட்ரோல்ல பென்சீன் மட்டுமா இருக்கு, மத்ததும் அதே ஆக்சிஜனுக்குத்தான் போட்டி போடும். அதனால கேன்ல கலவைய ஊத்துனவங்க காத்த உள்ள விட ஏதாவது ஏற்பாடு பண்ணாங்களாங்கறதத்தான் நான் முதல்ல கேப்பேன். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற 20 சதவீதம் வரைக்கும் கலக்குறாங்க, எத்தனால் பாக்டீரியாவுக்கு அல்வா மாதிரி, அத முதல்ல தின்னு இருக்குற ஆக்சிஜன காலி பண்ணிரும், பென்சீன் அப்படியே நிக்கும். உங்க ஊர் லீக் பழசா புதுசாங்கறது இதனாலயும் முக்கியம்.

சரி, டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு வருவோம். கொரோனா நேரத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே ஆர்டிபிசிஆர், அதே மெஷின்தான், அதே வேலைதான். கிணத்து தண்ணிய பொடி ஃபில்டர் வழியா விட்டு அதுல மாட்டுன பாக்டீரியாவ உடைச்சு டிஎன்ஏவ எடுத்து, நமக்கு வேண்டிய ஒரு ஜீன மட்டும் திரும்ப திரும்ப காப்பி எடுப்பாங்க, எத்தனாவது சுத்துல மெஷினுக்கு தெரியுதோ அத வச்சு ஆரம்பத்துல எத்தன இருந்துச்சுனு கணக்கு போடுவாங்க. சுமார் மூனேகால் சுத்து முன்னாடி தெரிஞ்சா பத்து மடங்கு அதிகமா இருந்துச்சுனு அர்த்தம். சிடி வேல்யூனு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டோமே அதுதான் இது. இது க்யூபிசிஆர், லிட்டருக்கு இத்தனை ஜீன் காப்பினு ஒரு எண்ணிக்கையா வரும். உங்க கம்பெனிக்காரங்க காட்டுனது சதவீதமா இருக்குறத பாத்தா அது வேற டெஸ்ட், எல்லா பாக்டீரியாவுலயும் இருக்குற 16எஸ்ங்கற ஜீன வரிசையா படிச்சு யார் யார் இருக்காங்கனு பேர் பட்டியல் போடுறது. அதுல எண்ணிக்கை வராது, பங்குதான் வரும், இந்த எடத்துலதான் பெரிய குழப்பமே.

ஒரு தெருவுல நூறு பேரு, அதுல பத்து பேரு கொத்தனார்னு வைங்க. எம்பது பேரு ஊர காலி பண்ணிட்டு போயிட்டாங்க, பத்து கொத்தனாரும் அங்கனயே இருக்காங்க. இப்ப கணக்கு எடுத்தா தெருவுல பாதி பேர் கொத்தனார், 10 சதவீதத்துல இருந்து 50 ஆயிருச்சு, ஆனா புதுசா ஒரு கொத்தனார் கூட வரல. உங்க ரிப்போர்ட்ல 4 முப்பத்தஞ்சு ஆனது இப்படியும் இருக்கலாம், இல்ல நெசமாவே பெருகியும் இருக்கலாம், மொத்த பாக்டீரியா எண்ணிக்கை பக்கத்துல இல்லாம ரெண்டையும் பிரிக்க முடியாது. இன்னொன்னு, அவங்க ஊத்துன கலவையிலயே சூடோமோனாஸ் இருந்திருந்தா, ஊத்துனது திரும்ப வருது, அவ்வளவுதான். அதுலயும் சூடோமோனாஸ்ங்கறது ஒரு பெரிய குடும்பம், கிணத்துல, வாய்க்கால்ல, ஈரத்துணியில எங்க பாத்தாலும் இருக்கும், பெட்ரோல் திங்குறதும் உண்டு, திங்காததும் உண்டு, ஆஸ்பத்திரியில நோயாளிக்கு இன்ஃபெக்‌ஷன் பண்றதும் அதே குடும்பத்துலதான் இருக்கு. பேரை வச்சு தொழில் சொல்ல முடியாது.

அதனாலதான் பேரை விட ஜீனத் தேடுறது நல்லதுங்கறது. பெட்ரோல உடைக்கிற என்சைம எழுதுற ஜீன் இருக்குல்ல, அத நேரா எண்ணனும். ஆக்சிஜன் இல்லாத எடத்துல பெட்ரோல்ல இருக்குற டொலுயீன்ங்கற கெமிக்கல உடைக்கிறதுக்கு பிஎஸ்எஸ்ஏனு ஒரு ஜீன் இருக்கு, இது நல்லா ஆராஞ்சு நிரூபிச்ச அடையாளம். ஆக்சிஜன் இருக்குற எடத்துக்கு டைஆக்சிஜனேஸ், மோனோஆக்சிஜனேஸ்னு வேற ஜீன் கூட்டம். ஆனா ஜீன் இருக்குங்கறதுக்கு அர்த்தம் கொத்தனார் கையில கரண்டி இருக்குங்கறது மட்டும்தான், வேலை நடக்குதாங்கறது தெரியாது. டிஎன்ஏ செத்த பாக்டீரியாவுல இருந்தும் வரும், செத்து கொஞ்ச நாள் வரைக்கும் தண்ணியில கிடக்கும். வேலை நடக்குதாங்கறத பாக்க, ஜீன் வேலை செய்யிறப்ப உருவாகுற ஆர்என்ஏவ எடுக்கலாம், ஆனா அது நிமிஷக்கணக்குல அழிஞ்சுபோற சாமான், கிணத்தடியிலயே மருந்து போட்டு பதப்படுத்தணும், சித்திரை வெயில்ல அத சரியா பண்ற டீம் ரொம்ப கம்மி. நான் நேர்ல பாத்த வரைக்கும் ஆர்என்ஏ நம்பர் ஒன்னும் வரலேன்னா அது பாக்டீரியா தூங்குதா, எடுத்தவங்க சொதப்பிட்டாங்களானு சொல்ல முடியாத நிலைமைதான் பெரும்பாலும்.

இந்த டெஸ்டு எங்க உண்மையிலேயே தங்கம்னு கேட்டா, பெட்ரோல விட குளோரின் கலந்த சால்வண்ட்ல. மெஷின் பார்ட்ஸ் கிரீஸ் கழுவுறது, டிரைகிளீனிங், அங்கெல்லாம் டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன்னு பயன்படுத்துவாங்க, அது மண்ணுக்குள்ள போச்சுன்னா தண்ணிய விட கனம், கீழ கீழ இறங்கிக்கிட்டே போகும். ஆக்சிஜன் இல்லாத எடத்துல பாக்டீரியா அதுல இருந்து குளோரின ஒன்னொன்னா உருவும், கடைசியில ஒன்னுமே இல்லாத எத்திலீன் ஆகும், வாழைப்பழம் பழுக்க வைக்கிற அதே எத்திலீன். ஆனா நடு வழியில வினைல் குளோரைடுனு ஒன்னு வரும், அது முதல்ல இருந்தத விட மோசம், புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியா நிரூபிச்ச பொருள். அதையும் தாண்டி எத்திலீன் வரைக்கும் கொண்டு போறது, பெரும்பாலும் டீஹாலோகாக்காய்டிஸ்ங்கற பாக்டீரியா கூட்டம்தான், 1997ல இத அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க தனியா பிரிச்சு வளத்து காட்டுனாங்க. அதுலயும் எல்லாம் பண்ணாது, விசிஆர்ஏ, பிவிசிஏனு அந்த கடைசி அடிக்கான ஜீன் இருக்குறதுதான் பண்ணும். அதனால ஒரு எடத்துல சுத்தம் பாதியில நின்னு போச்சுன்னா, அந்த ஜீன எண்ணி பாத்தா காரணம் தெரிஞ்சிரும். லிட்டருக்கு ஒரு கோடி காப்பிக்கு மேல இருந்தா வேலை நல்ல வேகத்துல நடக்கும்னு களத்துல பாத்து ஒரு அளவுகோலே வச்சிருக்காங்க. ஒன்னுமே இல்லேன்னா பாக்டீரியாவுக்கு தீனியா எத்தன சர்க்கரைப்பாகு ஊத்துனாலும் வினைல் குளோரைடுலயே நிக்கும், அப்ப மட்டும் வெளிய வளத்த பாக்டீரியாவ கொண்டு வந்து விடுறதுக்கு அர்த்தம் இருக்கு. உங்க கிணத்துக்கு இது சம்பந்தம் இல்ல, ஆனா "டிஎன்ஏ டெஸ்டால வேலை முடிஞ்சத நிரூபிச்சிருக்காங்க"னு அந்த கம்பெனிக்காரங்க வெளிநாட்டு உதாரணம் ஏதாவது காட்டுனா, அது எந்த கெமிக்கல்னு பாருங்க, பெரும்பாலும் இதாத்தான் இருக்கும், அங்கயும் தீர்ப்பு சொல்றது கெமிக்கல் நம்பர், டிஎன்ஏ அதுக்கு சாட்சி.

இப்ப உங்க கிணத்து வாடை குறைஞ்சத பத்தி. எனக்கு ரொம்ப கவலை குடுக்குறது இதுதான். பெட்ரோல்ல நம்ம மூக்குக்கு சட்டுனு தெரியிறது டொலுயீன், எத்தில்பென்சீன் மாதிரி ஆளுங்க. ஆக்சிஜன் இல்லாத தண்ணியில பாக்டீரியா முதல்ல டொலுயீனத்தான் தின்னும், பென்சீன கடைசியில, அதுவும் ரொம்ப மெதுவா, சில எடத்துல தொடவே தொடாது. அதனால வாடை போயிட்டு பென்சீன் நிக்கிற ஒரு கட்டம் வரும். குடிதண்ணியில பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், தண்ணியில பென்சீன் மட்டும் தனியா இருந்தா அத விட நூறு மடங்கு இருந்தாலும் மூக்குக்கு தெரியாது. 10 மைக்ரோகிராம்னா எவ்வளவு கம்மினு புரியணும்னா, பெட்ரோல்ல பென்சீன் 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், அப்ப ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்குற பென்சீன் எட்டு லட்சம் லிட்டர் தண்ணிய அந்த அளவுக்கு கொண்டு வந்துரும், 12,000 லிட்டர் லாரியில அறுபது லோடுக்கு மேல. பென்சீனும் புற்றுநோய்க்கு உறுதியான காரணம்தான், ரத்தப் புற்றுநோய். வாடை இல்லைங்கறத வச்சு அம்மா முடிவு எடுக்க வேண்டாம்னு தயவுசெஞ்சு சொல்லுங்க. கொதிக்க வச்சு குடிக்கிறேன்னு ஆரம்பிச்சா அது ஆவியாகி அடுப்படியிலதான் நிக்கும், அத மூச்சுல இழுக்குறது அவங்கதான். ஆர்ஓ மெஷினும் இதுக்கு நம்புற மாதிரி இல்ல. கார்பன் ஃபில்டர் புடிக்கும், ஆனா எப்ப நிரம்பிச்சுனு வெளிய தெரியாது.

அடுத்து மழை. நீங்க சொன்ன ஆறு மாசத்த எண்ணி பாத்தேன், கலவை ஊத்துனது ஆடி, டெஸ்ட் எடுத்தது தை. நடுவுல ஐப்பசி கார்த்திகை மழை பூராம் பெஞ்சு கிணறு ஏறியிருக்கும். மூனு ஆள் ஆழம் கிடந்த தண்ணி எட்டு ஆள் ஆழம் ஆச்சுன்னா பெட்ரோல் ஒரு சொட்டு கூட அழியாமலே லிட்டருக்கு உள்ள அளவு பாதிக்கு கீழ எறங்கிரும். இது சுத்தம் இல்ல, கரைசல். சித்திரையில தண்ணி கீழ போனதும் வாடை திரும்ப வரும், நான் பாத்த கிணத்துல எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. அதனால தைல எடுத்தத தையோடயும் சித்திரையில எடுத்தத சித்திரையோடயும்தான் ஒப்பிடணும், தண்ணி மட்டத்தையும் ஒவ்வொரு தடவயும் அளந்து எழுதணும். நம்ம பக்கத்து பூமி வேற பாறை பூமி, மேல மக்கிப்போன பாறை கொஞ்சம், கீழ சார்னோகைட்டு நைஸுனு கெட்டிப்பாறை, தண்ணி ஓடுறது வெடிப்பு வழியாத்தான். ஆத்துப்படுகை மணல்ல மாதிரி ஒரே சீரா பரவாது. உங்க கிணறு நல்லாயிட்டாலும் அம்பது அடி தள்ளி இருக்குற போர் வேற வெடிப்புல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கலாம், ஒரு கிணத்து ரிசல்ட்ட வச்சு மூனு வீட்டுக்கும் சர்டிஃபிகேட் குடுக்க முடியாது.

கரைசலா அழிவாங்கறத பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கு, ஐசோடோப் டெஸ்ட். கார்பன்ல லேசான 12, கொஞ்சம் கனமான 13னு ரெண்டு உண்டு. பாக்டீரியாவுக்கு லேசானது இருக்குற மூலக்கூற உடைக்கிறது கொஞ்சூண்டு சுலபம், அதனால தின்னு தின்னு மிச்சம் கிடக்குற பென்சீன்ல கனமானது பங்கு கூடிக்கிட்டே போகும். மழைத்தண்ணி கலந்தா அளவு குறையும், இந்த விகிதம் மாறாது. அதனால விகிதம் நல்லா மாறியிருந்தா அழிவு நடந்ததுக்கு கிட்டத்தட்ட கைரேகை மாதிரி சாட்சி. பென்சீனுக்கு ஹைட்ரஜன் ஐசோடோப்பையும் சேத்து பாத்தா இன்னும் தெளிவா தெரியும். ஆனா மாறலைன்னா அழிவு நடக்கலைனு அடிச்சு சொல்லக்கூடாது, ஆக்சிஜன் இருக்குற எடத்துல நடக்குற அழிவுல மாற்றம் ரொம்ப சின்னதா இருக்கும். செலவும் கூட, எல்லா லேப்லயும் கிடையாது, ஒரு வீட்டுக்காரர் தனியா பண்ண வேண்டியது இல்ல, கம்பெனிக்காரங்கதான் பண்ணணும்.

சாம்பிள் எப்படி எடுத்தாங்கங்கறதுலயே பாதி உண்மை அடங்கிரும், அதனால நான் எடுத்த விதத்த கொஞ்சம் சொல்றேன். போய் எறங்குனதும் சாம்பிள் எடுக்க மாட்டோம், பம்ப் போட்டு தண்ணி ஓடவிட்டு மீட்டர்ல உப்பு, சூடு, ஆக்சிஜன் ரீடிங் ஆடாம நிக்கிற வரைக்கும் காத்திருப்போம், அப்பத்தான் குழாய்க்குள்ள தேங்குன பழைய தண்ணி போயி பாறைக்குள்ள இருந்து வர்ற தண்ணி கிடைக்கும். பென்சீனுக்கு சின்ன கண்ணாடி குப்பி, 40 மில்லி, விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடி போட்டு கவுத்து பாத்தா ஒரு பபிள் கூட இருக்கக்கூடாது, இருந்தா பென்சீன் அந்த காத்துக்குள்ள ஓடிரும். டிஎன்ஏவுக்கு கட்டைவிரல் தண்டி ஒரு ஃபில்டர், அதுல பெரிய ஊசி வச்சு கையால தண்ணிய அமுக்கணும், ஒரு லிட்டர் போகணும்னு எழுதியிருப்பாங்க, ஆனா களிமண்ணும் இரும்பும் கலந்த தண்ணியில நானூறு மில்லியிலயே அடைச்சுக்கும், கை வலிச்சு போயிரும். எத்தன மில்லி போச்சுனு அந்த நிமிஷமே எழுதணும், ஏன்னா லிட்டருக்கு இத்தனைனு வர்ற கணக்கு அதுலதான் நிக்குது. நானூற ஆயிரம்னு எழுதிட்டா ரிசல்ட் ரெண்டரை மடங்கு தப்பு. சில கிணத்துல அந்த வெள்ளை ஃபில்டர் கண்ணு முன்னாடியே கருப்பாகும், அழுகுன முட்டை வாடை வரும், அத பாத்தா எனக்கு நிம்மதியா இருக்கும், ஆக்சிஜன் தீந்து சல்ஃபேட்ட வச்சு பாக்டீரியா மூச்சு விடுதுனு லேபுக்கு போகாமயே தெரிஞ்சிரும். அப்புறம் ஐஸ் பெட்டியில போட்டு மாட்டுத்தாவணியில ராத்திரி பஸ் ஏத்தி சென்னைக்கு அனுப்புவோம். ஒரு தடவ பெட்டி நடுவுல எங்கயோ நின்னு ஒன்றரை நாள் கழிச்சு ஐஸ் பூராம் உருகி போய் சேந்துச்சு, அந்த தடவ மொத்த பாக்டீரியா நம்பர் முந்துன தடவய விட பல மடங்கு வந்துச்சு. பெட்டிக்குள்ள அது பாட்டுக்கு பெருகியிருக்கு. ரிப்போர்ட்ல மட்டும் பாத்தா ஆஹா என்னமா வளந்திருக்குனு தோணும். அத நாங்க தூக்கி போட்டுட்டு திரும்ப எடுத்தோம். இன்னொரு தடவ ப்ளாங்க்னு சொல்ற வெறும் சுத்தத்தண்ணி ஃபில்டர்லயே பெட்ரோல் திங்குற ஜீன் நம்பர் வந்துச்சு, பாட்டில கழுவுனது சரியில்ல. அந்த ப்ளாங்க் மட்டும் அனுப்பாம இருந்திருந்தா அன்னைக்கு வந்த அத்தனை நம்பரையும் நம்பியிருப்போம். இதே மாதிரி எதிர்ப்பக்கமும் நடக்கும், மண்ணுல இருக்குற ஹியூமிக் ஆசிட் பிசிஆர அமுக்கிரும், இருக்குறதயே இல்லைனு காட்டும், நல்ல லேபுன்னா அதுக்குனு ஒரு கண்ட்ரோல் ஓட்டியிருப்பாங்க.

ஒரு சுத்திகரிப்பு உண்மையிலேயே நடக்குதுனு ஒத்துக்க மூனு சாட்சி ஒரே பக்கம் பேசணும்னு 1993லயே அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் சொல்லிருச்சு, இன்னைக்கு வரைக்கும் அத விட நல்ல அளவுகோல் எனக்கு தெரியல. கெமிக்கல் குறையணும், அத குறைக்கிற சக்தி உள்ள பாக்டீரியா அங்க இருக்கணும், அந்த சக்தி களத்துல நெசமாவே வேலை செய்யிறதுக்கு அடையாளம் இருக்கணும். உங்க ரிப்போர்ட்ட அதுல வச்சு பாத்தா ரெண்டாவது சாட்சியில கால்வாசி இருக்கு, மத்த ரெண்டும் காணோம். மூனாவது சாட்சிக்கு பெரிய காசு கூட வேண்டாம், கரைஞ்ச ஆக்சிஜன், நைட்ரேட், கரைஞ்ச இரும்பு, சல்ஃபேட், மீத்தேன் இத பெட்ரோல் பங்க்குக்கு மேட்டுப்பக்கம் பாதிக்காத ஒரு கிணத்துலயும் உங்க கிணத்துலயும் அளந்து பாத்தாலே பாக்டீரியா எத மூச்சா இழுத்துக்கிட்டு இருக்குனு தெரிஞ்சிரும். நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் உங்க கிணத்துல மட்டும் கம்மியா, இரும்பும் மீத்தேனும் கூடவும் இருந்தா வேலை நடக்குது. அந்த மேட்டுக் கிணறு இல்லாம எடுத்த எந்த டெஸ்டும் எதோட ஒப்பிடுறதுனு தெரியாம நிக்கும், டிஎன்ஏ உள்பட.

அதனால கம்பெனிக்காரங்ககிட்ட சண்டை போடாம இதக் கேளுங்க. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நாலையும் ஜிசிஎம்எஸ்னு கெமிக்கல பிரிச்சு அளக்குற மெஷின்ல பாத்த ரிப்போர்ட், கலவை ஊத்துறதுக்கு முன்னாடி எடுத்தது, ஊத்துன பிறகு எடுத்தது, குறைஞ்சது ரெண்டு மழைக்காலம் ரெண்டு கோடை, மூனு கிணத்துலயும் மேட்டுக் கிணத்துலயும். லேபுகளுக்கு அங்கீகாரம் குடுக்குற என்ஏபிஎல்கிட்ட அந்த லேபு அங்கீகாரம் வாங்குனதானு பாருங்க, அதுலயும் பென்சீனுக்கு அங்கீகாரம் இருக்கானு பாருங்க. குடிநீர் வாரிய லேப்ல குடுக்குற வழக்கமான டெஸ்ட் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி இதுக்குத்தான், அதுல "குடிக்கலாம்"னு வந்தா பென்சீன் இல்லைனு அர்த்தம் இல்ல, அத பாக்கவே இல்லைனு அர்த்தம். டேங்க் லீக்க அடைச்சாங்களா, தண்ணிக்கு மேல மிதக்குற பெட்ரோல வெளிய எடுத்தாங்களா, இதையும் எழுத்துல கேளுங்க. மிதக்குறது அப்படியே கிடந்தா மேல இருந்து சொட்டிக்கிட்டே இருக்கும், எந்த பாக்டீரியாவாலயும் ஈடு குடுக்க முடியாது. ஊத்துன கலவையில என்னென்ன இருந்துச்சுங்கற பட்டியலும் வாங்குங்க, குடிக்கிற கிணத்துல என்னத்த ஊத்துனாங்கனு தெரியாம விடக்கூடாது. பதில் வரலேன்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்துல புகார் குடுங்க, அங்கயும் நகரலேன்னா சென்னையில பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு இருக்கு. தண்டையார்பேட்டையில 2013ல எண்ணெய் பைப்லைன் கசிஞ்சு வீட்டு போர்ல எல்லாம் எண்ணெய் வந்தப்ப விஷயம் அங்கதான் போச்சு, நீங்க முதல் ஆள் இல்ல.

யாரோ ஒருத்தர் பதில்ல "கல்லு உப்பும் இப்படி பாக்டீரியாவால போயிருமா, எங்க திண்டுக்கல் பக்கம் தோல் ஷாப்பு தண்ணிக்கு கேக்குறேன்"னு கேட்டிருந்தாங்க. போகாது. பாக்டீரியா உடைக்கிறது கார்பன் உள்ள பொருள. உப்பு உப்புதான், உடைக்க அதுல ஒன்னும் இல்ல. குரோமியம்ங்கற உலோகத்த மட்டும் ஆபத்தான ஆறாம் நிலையில இருந்து ஆபத்து கம்மியான மூனாம் நிலைக்கு மாத்த பாக்டீரியாவால முடியும், அப்பவும் உலோகம் மண்ணுலயேதான் கிடக்கும், நிலைமை மாறுனா திரும்ப எந்திரிக்கவும் வாய்ப்பு உண்டு. கிணத்து உப்புக்கு பாக்டீரியா பவுடர்னு யாராவது வித்தா வாங்காதீங்க.

எப்ப குடிக்கலாம்னு நாள் குறிச்சு என்னால சொல்ல முடியாது. பாறை வெடிப்புல சிக்குன பெட்ரோல் வருஷக்கணக்குல சொட்டும், சில எடம் ரெண்டு மூனு வருஷத்துல தேறியிருக்கு, சில எடம் பத்து வருஷம் ஆகியும் தேறல. அதுவரைக்கும் குடிக்க சமைக்க வேற தண்ணி, அந்த செலவு உங்க தலையில விழக்கூடாது, அதையும் புகார்ல சேத்து எழுதுங்க. குளிக்கிறதுக்கும் வாடை வர்ற நாள்ல சூடு பண்ணி மூடுன பாத்ரூம்ல பயன்படுத்தாதீங்க. செடிக்கு ஊத்துறதையும் ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.

ஒன்னே ஒன்னு கெஞ்சி கேக்குறேன். கோடையில தண்ணி கீழ போனதும் தூர் வாரலாம்னு யாரையும் அந்த கிணத்துக்குள்ள இறக்கிடாதீங்க. பெட்ரோல் ஆவி, பாக்டீரியா விடுற மீத்தேன், கார்பன் டைஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு எல்லாம் ஒன்னா உள்ள நிக்கும், இறங்குன ஆளு கத்தக்கூட நேரம் இருக்காது, அவர தூக்க இறங்குறவரும் அதே கதிதான். உள்ள பாக்க தீக்குச்சியோ பீடியோ கிட்ட கொண்டு போக வேண்டாம், மோட்டார் சுவிட்ச் கிணத்தடியில இருந்தா தள்ளி மாத்துங்க. மேல கம்பி வலை மட்டும் போடுங்க, காத்து போகட்டும், பலகை வச்சு இறுக்கி மூடாதீங்க.

ரிப்போர்ட்ட இங்க போடுறப்ப கம்பெனி பேர், உங்க பேர், அட்ரஸ் எல்லாம் மறைச்சுட்டு டேபிள் இருக்குற பக்கத்த மட்டும் போடுங்க. அதுல சாம்பிள் எடுத்த தேதி, லேபுக்கு வந்து சேந்த தேதி, எத்தன மில்லி ஃபில்டர் பண்ணாங்க, ப்ளாங்க்னு ஒரு வரிசை, இந்த நாலும் இருக்கானு முதல்ல பாத்து சொல்லுங்க, மீதிய அப்புறம் படிப்போம்.